கரி தள்ளுகிறவன் எந்த மசோதாவில் வருவான்?

1

நேற்றுச் சாயங்காலம் எங்கள் தெருவுக்கு மின்சார விளக்கு வந்தது. கம்பத்தை நட்டு வெகுநாளாயிற்று. அதுவரை காக்கைகள்தான் அதை அனுபவித்துவந்தன. நேற்று கம்பெனி ஆள் ஒருவன் வந்து எதையோ முறுக்கிவிட்டுப் போனான். பொழுது சாய்ந்ததும் தெரு பளீரென்று வெளுத்துவிட்டது. எதிர்வீட்டுச் சீனத் தையற்காரர் தன் மேசையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டார். என் மகள் கிரேஸ் கையைத் தட்டிக்கொண்டு, "அப்பா, லம்பு வந்துச்சு! லம்பு வந்துச்சு!" என்று குதித்தாள். மலாய்க்காரப் பிள்ளைகளோடு விளையாடி விளையாடி விளக்கு என்ற சொல்லே அவளுக்கு மறந்துபோயிற்று.

"விளக்குன்னு சொல்லுட்டி" என்றாள் என் மனைவி எஸ்தர்.

"எப்படிச் சொன்னாலும் எரியத்தானம்மா செய்யுது" என்றாள் அவள்.

பாளையங்கோட்டையிலும் அம்பாசமுத்திரத்திலும் இருந்துகொண்டு இதைப் படிக்கிறவர்கள், கொடுத்துவைத்தவன் என்று என்னை நினைக்கலாம். எனக்கு அந்த வெளிச்சத்தைப் பார்த்ததும் வேறு நினைப்பு வந்தது. அந்த விளக்குக்குக் கரி தள்ளிய ஒருவனை இந்த நாட்டை விட்டே துரத்தப் பார்த்தார்கள். அதில் தலையிட்டு நான் சர்க்கார் வேலையை இழந்தேன். நான் ஏதோ கையாடல் செய்து வேலை போய்விட்டதாக நம் ஊரில் சிலர் பேசிக்கொள்வதாகக் கேள்வி. என்ன நடந்தது என்பதை என் வாயாலேயே கேட்டுக்கொள்ளட்டும்.

மலாய்க் கரையில் ஒரு துறைமுகம் என்பதற்கு மேல் ஊரின் பெயரைச் சொல்ல மாட்டேன். இதில் சம்பந்தப்பட்ட நல்லவர்கள் சிலர் இன்னும் இங்கே உத்தியோகத்தில் இருக்கிறார்கள்.

2

இந்தக் காலனியின் சட்டசபையில் நான் தமிழ் மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன். சபைக்குக் கவர்னர்தான் தலைவர். அவரைச் சுற்றி சர்க்கார் அதிகாரிகள். அவர்கள் எல்லோரும் எப்போதும் ஒரே பக்கம்தான் கை தூக்குவார்கள். மிச்ச நாற்காலிகளில் சில வெள்ளைக்கார வியாபாரிகள், ஒரு சீனச் செல்வந்தர், இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த ஒரு வக்கீல். அத்தனை பேரும் கவர்னர் நியமித்தவர்கள்.

ஆனாலும் சபைக்கு விதிகள் உண்டு. ஒரு மசோதாவை மூன்று தடவை வாசிக்க வேண்டும். முதல் தடவை பெயரை மட்டும். இரண்டாம் தடவை, இது வேண்டுமா வேண்டாமா என்று விவாதம். அப்புறம் ஒவ்வொரு பிரிவாக எடுத்துத் திருத்துவார்கள். மூன்றாம் வாசிப்பில் முடிவு. ஒரு வாசிப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் ஒரு வாரமாவது போக வேண்டும். அந்த வாரத்துக்குள் மசோதா தமிழிலும் சீனத்திலும் மலாயிலும் அச்சாகி ஊரில் ஒட்டப்பட வேண்டும். தமிழில் ஒட்டப்படுவது என்னுடைய வாசகம். நான் இந்த விதிகளை உண்மையாகவே மதித்தேன். வல்லவன் எளியவனைப் பற்றி முடிவெடுக்கப் போகும்போது ஒரு வாரம் பொறுக்கட்டும் என்று என்றைக்கோ எவனோ யோசித்து வைத்திருக்கிறான். அவன் யாரானாலும் நல்லவன்.

கடற்கரை ஓரத்தில் மின்சாரக் கம்பெனியின் உலைக்கூடம் இருக்கிறது. அங்கே கரி தள்ளுகிறவர்களில் பாதிப் பேர் நம் ஜில்லாக்காரர்கள். சீவலப்பேரி வேலு அவர்களில் ஒருவன். ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுக்கு வருவான். வந்தால் உட்கார மாட்டான், நின்றுகொண்டே பேசுவான். "உலைக்கு முன்னால நின்னு நின்னு முட்டு மடங்க மாட்டேங்கு அண்ணாச்சி" என்று சிரிப்பான்.

ஒருநாள் உலைக்கு முன்னால் ஒருவன் சுருண்டு விழுந்து செத்தான். பிணத்தை ஓரமாகக் கிடத்திவிட்டு வேலையைப் பார்க்கச் சொன்னார் மேற்பார்வை துரை. வேலு கையிலிருந்த மண்வாரியைக் கீழே போட்டான். மற்றவர்களும் போட்டார்கள். அன்று சாயங்காலம் டிராம் வண்டிகள் போன போன இடத்தில் நின்றன. கவர்னர் மாளிகை விருந்தில் விளக்கு அணைந்துபோனது.

சில நாளில் உலை மறுபடி எரிந்தது. ஒப்பந்தத்தை மீறினான் என்று வேலுவைச் சிறையில் வைத்தார்கள். அத்தோடு சபைக்கு இரண்டு மசோதாக்கள் ஒன்றாக வந்தன. ஒன்று மின்சார மசோதா. ஊர் முழுவதும் கம்பம் நடக் கம்பெனிக்கு உரிமை கொடுப்பது. மற்றது குற்றத் தடுப்பு மசோதா. அமைதியைக் கெடுப்பவன் என்று அதிகாரிகளுக்குத் தோன்றினால் போதும், இந்த நாட்டில் பிறக்காத எவனையும் விசாரணை இல்லாமல் கப்பலேற்றிவிடலாம்.

இதை வீட்டில் சொன்னபோது கிரேஸ் கேட்டாள்: "நாம இந்த ஊர்க்காரங்கதானே அப்பா? நம்மள எப்படி அனுப்ப முடியும்?"

அவள் இங்கே பிறந்தவள், அவளை அனுப்ப முடியாது. என்னை அனுப்பலாம், அவள் அம்மாவை அனுப்பலாம். ஒரே பாயில் படுக்கிற மூன்று பேருக்கு இரண்டு சட்டம்.

3

மின்சார மசோதாவுக்கு விதிகள் அத்தனையும் கிடைத்தன. வாரம் விட்டு வாரம் விவாதித்தார்கள். கம்பெனியின் எஞ்சினியரைச் சபைக்கே அழைத்துக் கேள்வி கேட்டார்கள். கம்பத்துக்குப் பச்சை வர்ணமா கறுப்பு வர்ணமா என்று ஒரு காலைப்பொழுது முழுக்கப் பேசினார்கள். யாரும் அவசரப்படுத்தவில்லை.

அந்த விவாதத்தில் வக்கீல் எழுந்து, உலைக்கூடத்து ஆட்களின் வேலை நேரம் பற்றி ஒரு பிரிவு சேர்க்கலாமே என்றார். கவர்னர் குறுக்கிட்டார். "உலைக்கூடத்தில் நடந்த கலகம் அடுத்த மசோதாவின் விஷயம். இங்கே பேச அனுமதியில்லை." வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

அந்த அடுத்த மசோதா வந்தது. அதற்கென்று ஒரு தனித் தீர்மானத்தைச் சபைச் செயலாளர் என் மேசையில் வைத்தார், தமிழாக்கச் சொல்லி. வழக்கமான விதிகளை ஒத்திவைப்பது. மூன்று வாசிப்பையும் ஒரே நாளில் முடிப்பது. ஒருவருக்குப் பத்து நிமிஷத்துக்கு மேல் பேச்சில்லை. முன்கூட்டி எழுதிக் கொடுத்த திருத்தத்தைத் தவிர வேறு திருத்தம் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: மின்சார மசோதாவில் முடிந்துபோன விஷயம் எதையும் இதில் எழுப்பக் கூடாது.

நான் பேனாவைக் கீழே வைத்தேன். எழுந்து அவர் அறைக்குப் போனேன்.

"ஐயா, உலைக்கூடத்தைப் பற்றி மின்சார மசோதாவில் பேசக் கூடாது என்றார்கள். இந்த மசோதாவிலும் பேசக் கூடாது என்கிறது இது. அப்படியானால் கரி தள்ளுகிறவன் எந்த மசோதாவில் வருவான்?"

அவர் கெட்டவர் அல்ல. "அவன் சபை விஷயமே அல்ல" என்றார். பிறகு, "உமது வேலை மொழிபெயர்ப்பு" என்றும் சொன்னார்.

4

அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்குத் திருநெல்வேலி நினைப்புதான். அங்கே சுதேசிக் கலகம் நடந்த அந்த வருஷம் நான் விடுப்பில் ஊரில் இருந்தேன். கடைகள் அடைத்துக் கிடந்தன. பாளையங்கோட்டையிலிருந்து டவுனுக்குப் போகிற ஆற்றுப் பாலத்தில் வெளியூர்ப் போலீஸ்காரர்கள் நின்று, போகிறவன் வருகிறவன் முகத்தை எல்லாம் பார்த்தார்கள். கலகம் அடங்கிய பிறகு தண்டப் போலீஸ் என்று ஒன்றைக் கொண்டுவந்து, அவர்கள் சாப்பாட்டுச் செலவை ஜனங்களின் தலையிலேயே கட்டினார்கள். கல்லெறிந்தவனும் கொடுக்க வேண்டும், கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் ஜெபம் பண்ணினவனும் கொடுக்க வேண்டும்.

என் அண்ணன் பாளையங்கோட்டைக் கோர்ட்டில் குமாஸ்தா. "நம்மள ஒரு வார்த்தை கேட்டாவளா அண்ணே?" என்றேன்.

"கேட்டா பதில் சொல்லுவோம்லா? அதுக்குத்தான் கேக்கல" என்றார்.

தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஆற்றுக்குக் குளிக்கப் போய்விட்டார். எனக்கு அவரோடு போகப் பிடிக்கவில்லை. அந்தப் பதில் சரியானதுதான். அதைச் சொல்லிவிட்டுக் குளிக்கப் போக முடிந்தது எப்படி என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. கடல் தாண்டி வந்தவனுக்கு இதே பதில் இங்கேயும் காத்திருந்தது. இந்தத் தடவை நான் குளிக்கப் போகப் போவதில்லை.

வீட்டில் வேலுவின் பெண்டாட்டி மாடத்தி எஸ்தரோடு அடுப்பங்கரையில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

"அண்ணாச்சி, அவுகள கப்பல்ல ஏத்தப் போறதா சொல்லுதாவளே, நெசமா?"

நிஜம்தான் என்றேன். தீர்மானத்தையும் விளக்கிச் சொன்னேன். விதிகளை ஒத்திவைக்க வேண்டுமானால் சபையில் ஒருவர்கூட ஆட்சேபிக்கக் கூடாது என்பதையும் சொன்னேன். ஒரே ஒருவர் ஆட்சேபித்தாலும் மசோதா பழைய வழியில்தான் போயாக வேண்டும்: வாரம் விட்டு வாரம், மூன்று மொழியில் அச்சடித்து.

"அப்ப அந்த ஒராளப் போயிப் பாப்போம்" என்றாள் மாடத்தி.

சபை ஊழியன் அங்கத்தினரைத் தனியே பார்த்து மசோதா பற்றிப் பேசக் கூடாது. நான் தயங்கினேன். எஸ்தர் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "நீங்க பேச வேண்டாம். அவ பேசட்டும். நீங்க மொழிபெயர்த்தா போதும். அதுதானே உங்க வேலை."

5

மறுநாள் காலையில் வக்கீல் வீட்டு முன்கட்டில் நாங்கள் மூன்று பேரும் நின்றோம். அவர் தேநீர்க் கோப்பையோடு வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. மாடத்திக்குத் தமிழைத் தவிர எதுவும் தெரியாது.

அவள் சொன்னதை நான் இங்கிலீஷில் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "நான் ஆட்சேபிக்கலாம். ஆனால் என்ன பிரயோசனம்? ஒரு வாரம் தள்ளிப்போகும். அடுத்த வாரம் அதே கைகள் உயரும். என்னுடைய நாற்காலிதான் போகும். கவர்னர் கொடுத்ததுதானே."

இதை மாடத்திக்குச் சொன்னேன். அவள் அழவில்லை. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"எங்க ஊர்ல கால்வாய்த் தண்ணிக்குக் கூட்டம் போட்டா கடைமடைக்காரன்தான் மொதல்ல பேசணும்னு ஒரு மொறை உண்டு. மேல இருக்கவன் பேசி முடிச்சிட்டா அப்புறம் பேசுததுக்குத் தண்ணி எங்க இருக்கும்? கடைமடைக்காரனுக்குத் தண்ணி கெடைக்குதோ இல்லையோ, பேச்சு கெடைச்சிரும். அத இவுகட்ட சொல்லுங்க."

நான் சொன்னேன். வக்கீலுக்கு ஆவல் வந்துவிட்டது. "அந்தக் கூட்டத்தில் இவளும் பேசியிருக்கிறாளா என்று கேள்" என்றார்.

கேட்கவே எனக்கு வாய் கூசியது. பதில் எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்டேன்.

மாடத்தி சிரித்தாள். "நானா? எங்க ஆளுவள வரப்புல ஏற விடமாட்டாவ. தூர நின்னுதான் கேட்டேன். பேச விடாம வெளிய நிறுத்துதது எப்படி இருக்கும்னு இவுக யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். அதனாலதான் கடல் தாண்டி வந்தோம். இங்கனயும் வெளிய நிறுத்தினா நாங்க எங்க போக?"

இதையும் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். அவள் சொன்ன கால்வாய் எனக்குத் தெரியும். அந்தக் கூட்டங்களில் என் மாமன்மார் ஜமக்காளத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஊரை நினைத்து நினைத்து உருகுகிற நம்மவர்கள் இந்தப் பதிலையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளட்டும்.

வக்கீல் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. கோப்பையை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

6

சபை கூடிய அன்று பார்வையாளர் வரிசை நிறைந்திருந்தது. எஸ்தரும் மாடத்தியும் முன்வரிசையில். நான் கீழே குமாஸ்தாக்களின் மேசையில். அங்கே உட்காருகிறவன் எழுதலாம், காகிதம் எடுத்துக் கொடுக்கலாம், வாயைத் திறக்கக் கூடாது. அதுவும் ஒரு விதி.

செயலாளர் தீர்மானத்தை வாசித்தார். கவர்னர் காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, "ஆட்சேபம் ஏதும் உண்டா?" என்றார். பதிலை எதிர்பார்க்காமல் கேட்கிற கேள்வி அது. அடுத்த காகிதத்தைப் புரட்டியும்விட்டார்.

வக்கீல் எழுந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"உண்டு" என்றார். அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார்.

சபை அப்படியே நின்றுபோயிற்று. அதிகாரிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த அமைதியில் மேலேயிருந்து மாடத்தியின் குரல் கேட்டது. "என்ன சொன்னாவ? ஏ அண்ணாச்சி, என்ன சொன்னாவ?"

சேவகன் அவளை அடக்க ஓடினான். அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அத்தனை பேர் கூடி அவள் புருஷனைப் பற்றித்தான் பேசினார்கள். அந்தக் கூடத்தில் நடந்தது விளங்காமல் நின்றவள் அவள் ஒருத்திதான்.

நான் எழுந்தேன். திரும்பினேன். சபை முழுவதும் கேட்கும்படி சொன்னேன்: "ஆட்சேபம் உண்டுன்னு சொல்லிட்டாரு, மாடத்தி! இன்னைக்கு நடக்காது!"

செயலாளர் என் பக்கம் குனிந்தார். "சபையில் பேச உமக்கு உரிமையில்லை."

"நான் பேசவில்லை ஐயா. மொழிபெயர்த்தேன்" என்றேன்.

அந்த வாரக் கடைசியோடு என்னை விலக்கிவிட்டார்கள். அதற்கு முன்னால் குற்றத் தடுப்பு மசோதா முழுவதையும் தமிழாக்கிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். அது ஒட்டப்பட்ட இடமெல்லாம் கூட்டம். எழுத்துத் தெரிந்தவன் வாசிக்க, தெரியாதவன் கேட்டான். கப்பல் துறையிலும் மாட்டுத் தொழுவங்களிலும் செட்டித் தெருவிலும் அதே பேச்சு. அடுத்த கூட்டத்துக்குள் மூன்று மொழிக்காரர்களின் மனுவும் சபைக்கு வந்து சேர்ந்தது. பிடிபட்டவன் சொல்வதை முழுவதும் கேட்க வேண்டும் என்று தமிழ் மனுவை எழுதியவன் நான். தனித் தீர்மானம் போய்விட்டதால் வக்கீல் உலைக்கூடத்தைப் பற்றி நின்று நிதானமாகப் பேச முடிந்தது. செத்தவன் எப்படிச் செத்தான் என்பதைச் சபை அன்றைக்குத்தான் கேட்டது.

மசோதா தோற்கவில்லை. பொய் சொல்ல மாட்டேன், அதே கைகள் உயர்ந்தன. ஆனால் ஒரு திருத்தம் ஏறியது. எவனையும் கப்பலேற்றுவதற்கு முன்னால் பகிரங்க நீதிமன்றத்தில், அவனுடைய சொந்த மொழியில், அவன் சொல்வதை முழுவதும் கேட்க வேண்டும். சீனச் செல்வந்தர் கூட அதற்குக் கை தூக்கினார். வக்கீலுக்கு அடுத்த வருஷம் நாற்காலி கிடைக்கவில்லை. தெருவில் பார்த்தால் இப்போதும் தொப்பியைத் தூக்குகிறார். எனக்கு மட்டுமல்ல, மாடத்திக்கும்.

7

வேலை போன அன்று எஸ்தர் கேட்டதை எழுதாமல் விட மனமில்லை. நான் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "சோறு பொங்குததுக்கு மசோதாவா வேணும்? அரிசிதானே வேணும்" என்றாள். அவள் மிஷன் பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். காயல்பட்டினத்து மரைக்காயர் ஒருவர் தம் கடையில் ஒரு மேசை கொடுத்தார். மனு எழுதினேன், பத்திரம் எழுதினேன். இன்றும் அதுதான் தொழில். ஊரில் இருக்கிறவர்கள் எனக்காக இரங்க வேண்டாம்.

வேலுவின் விசாரணை வந்தது. புதிய சட்டத்தின்படி அதுதான் முதல் விசாரணை. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலுவைக் கப்பலேற்றவில்லை. கம்பெனி அவனை மறுபடி சேர்க்கவில்லை. மாடத்தியும் அவனும் இப்போது மாடு வைத்துப் பால் விற்கிறார்கள். உலைக்கு முன்னால் ஒருவன் தொடர்ந்து நிற்க வேண்டிய நேரம் குறைந்திருக்கிறது. யார் சொல்லிக் குறைத்தோம் என்று கம்பெனி எங்கும் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் போகட்டும்.

அந்த விசாரணைக்குத் தமிழ் தெரிந்த ஆள் நீதிமன்றத்தில் இல்லை. என்னைத் துரத்திய அதே சர்க்கார் என்னையே கூலிக்கு அழைத்தது. நான் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு போனேன்.

வேலு கூண்டில் நின்றான். சிறையில் மெலிந்திருந்தான். குரல் மட்டும் மெலியவில்லை. கப்பலேறிய நாளிலிருந்து ஆரம்பித்தான். கரி எப்படி இருக்கும், உலைக் கதவைத் திறந்தால் முகத்தில் என்ன அடிக்கும், தண்ணீர்ப் பானை எங்கே இருக்கும், அதற்குப் போக யாரைக் கேட்க வேண்டும், ஒவ்வொன்றாகச் சொன்னான். நான் ஒவ்வொன்றாக இங்கிலீஷில் சொன்னேன். பின்னால் உலைக்கூடத்து ஆட்கள் கரி போகாத கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

மாஜிஸ்திரேட் கடிகாரத்தைப் பார்த்தார். "சாராம்சத்தை மட்டும் சொல்" என்றார் என்னிடம்.

"சட்டத்தில் 'முழுவதும்' என்று இருக்கிறது, ஐயா. அந்தச் சொல் வேண்டும் என்று தமிழில் மனு எழுதியவன் நான்" என்றேன்.

அவர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். இருந்தது. பேனாவை மறுபடி கையில் எடுத்து, பெருமூச்சு விட்டு, "இன்னும் நிறைய இருக்கிறதா என்று கேள்" என்றார்.

கேட்டேன்.

வேலு கூண்டின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான். மாஜிஸ்திரேட்டைப் பார்த்தான்.

"பைய எழுதச் சொல்லுங்க அண்ணாச்சி," என்றான். "நான் இன்னும் செத்தவன்கிட்டயே வரல."